அழுத்தமும் நெடிலும்
நம் திருமுழுக்குப் பெயர்களின் ஒலி பற்றி ஒரு திறனாய்வு

மதுராந்தகம் ஏரிநீர் பாயும் வயல்களை ஒட்டிய கிளைக்கிராமம் ஒன்றில் ஒரு ஞாயிறு மாலை குழந்தை ஒன்றுக்குத் திருமுழுக்கு அளிக்கச் சென்றிருந்தேன். சடங்கின் தொடக்கத்தில் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். தாய் "ஆண்டனி" என்றாள். அருகில் நின்ற பாட்டியார் அதே மூச்சில் "அந்தோணி" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "ஆண்டனி என்பதுதான் சரியான உச்சரிப்பு, பாட்டி" என்று திருத்தினேன். அவர் விடவில்லை. "சாமி, எங்க ஊட்டுக்காரரு பேரு அந்தோணி. அவரு பேரைத்தானே புள்ளைக்கு வைக்கிறோம்? நீங்க வேற யாரையோ கூப்பிடுறீங்களே" என்றார்.

சடங்கு முடிந்தது. பதிவேட்டில் 'ஆண்டனி' என்றே எழுதினேன். ஆயின் பாட்டியாரின் சொல் என்னை விடவில்லை. எது சரியான உச்சரிப்பு என்று நான் எந்த அளவுகோலைக்கொண்டு தீர்ப்பளித்தேன்? குருமடத்தில் இலத்தீனும் சிறிது கிரேக்கமும் கற்றவன் நான். அம்மொழிகள் இரண்டிலும் 'ஆண்டனி' என்ற ஒலி இல்லை. அது ஆங்கிலேயர் வாயில் பிறந்தது. 'அந்தோணி' என்பதோ அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே போர்த்துக்கீசியர் வாயிலிருந்து நம் கடற்கரையில் இறங்கியது. இரண்டில் எது மூலத்துக்கு நெருக்கமானது என்ற கேள்வியை ஒரு சிறு இலக்கணச் செய்தி தெளிவாக்குகிறது. போர்த்துக்கீசியச் சொற்கள் எவ்வாறு அசைகளாகப் பிரிகின்றன, அவற்றுள் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதே அச்செய்தி. இலக்கணம்தானே என்று வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். நம் முன்னோரைக் 'கொச்சைத் தமிழ் பேசிய கிறித்தவர்' என்று பழித்துவந்த ஒரு தீர்ப்பைத் திருத்தும் ஆற்றல் அதற்கு உண்டு.

போர்த்துக்கீசியச் சொல்லின் அமைப்பு

போர்த்துக்கீசிய மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை மற்றவற்றினும் வலிந்து ஒலிக்கும். அந்த அழுத்தம் சொல்லின் கடைசி அசையிலோ, ஈற்றயல் அசையிலோ, அதற்கும் முந்திய அசையிலோதான் விழும். அதற்கு முன்னே போகாது. அகரம், எகரம், ஒகரம் ஆகிய உயிர்களில் முடியும் சொற்கள் பெரும்பாலும் ஈற்றயலில் அழுத்தம் பெறும். லகர, ரகர மெய்களிலோ, 'ஆவுங்' என்பதுபோல் மூக்கொலியோடு ஒலிக்கும் கூட்டுயிரிலோ முடிபவை கடைசி அசையில் அழுத்தம் பெறும். இந்நெறிக்கு மாறுபடும் சொற்களுக்கு உயிரெழுத்தின் தலையில் ஒரு குறி இடுவர். கடையிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் பெறும் சொற்கள் குறைவு. அவை யாவும் இன்று குறி பெறுகின்றன.

அசை பிரிப்பதற்கும் நெறிகள் உண்டு. ஒரே ஒலியைக் குறிக்கும் இரட்டை எழுத்துகளுள் சிலவற்றைப் பிரிக்கலாகாது. கூட்டுயிரையும் பிரிக்கலாகாது. தனித்தனியே ஒலிக்கும் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் பிரிக்க வேண்டும். துவாலைக்குரிய அவர்களுடைய சொல் தொ-அ-ல்ய என மூன்று அசையாகும். நடுவிலுள்ள அகரமே அழுத்தம் பெறும். அந்தோனியாரின் பெயர் போன்றவற்றில் இறுதியில் வரும் 'இஒ' என்பது ஓரசையா ஈரசையா என்பதில் அவர்களுடைய இலக்கண ஆசிரியர்களிடையேயே கருத்து வேறுபாடு உண்டு.

இந்த அழுத்தம் பொருளையே மாற்ற வல்லது. ச, பி, ய என்னும் மூன்று அசைகளைக் கொண்ட ஒரு சொல் அம்மொழியில் உண்டு. முதலசையை அழுத்தினால் அது 'அறிவுடையவள்' என்றாகும். நடுவசையை அழுத்தினால் 'அறிந்திருந்தாள்' என்றாகும். கடையசையை அழுத்தினால் ஒரு பாடும் பறவையின் பெயராகும்.

தமிழில் இத்தகைய அழுத்தம் இல்லை. நமக்குப் பொருளை மாற்றுவது அளவு. கல்லுக்கும் காலுக்கும், படத்துக்கும் பாடத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மாத்திரைதான். கண்ணிமைப்பொழுதைக்கொண்டும் கைந்நொடிப்பொழுதைக்கொண்டும் ஒலியை அளந்த தொல்காப்பியரின் வழிவந்த செவி நமது. அந்தச் செவியில் சற்றுமுன் கூறிய மூன்று சொற்களும் விழுந்தால் அது எப்படி எழுதிக்கொள்ளும்? சாபிய, சபீய, சபியா என்றுதான் எழுதும். அவர்கள் அழுத்தியதை நாம் நீட்டினோம். இவ்வொன்றை மனத்திற்கொண்டால் நம் வீட்டுச் சொற்களும் கோயிற்சொற்களும் ஒரே ஒழுங்கில் வந்து நிற்பதைக் காணலாம்.

தமிழ்ச் செவியின் இரு நெறிகள்

வீட்டிலிருந்தே தொடங்குவோம். மேசை, சாவி, கோப்பை, பீப்பாய், பாதிரி ஆகியவற்றின் மூலச்சொற்கள் ஈரசைச் சொற்கள். அவற்றில் முதலசை அழுத்தம் பெறும்; தமிழில் அந்த முதலசையே நெடிலாயிற்று. வராந்தா, அலமாரி, துவாலை என்பனவற்றில் ஈற்றயல் அசை அழுத்தம் பெறும். ரா, மா, வா என அந்த அசையே நீண்டது. பொத்தான் என்பதற்குரிய சொல்லில் மூக்கொலியோடு கூடிய கடையசை அழுத்தம் பெறும். அது 'தான்' என நீண்டு னகர மெய்யைப் பெற்றது.

இதே ஒழுங்கில் புனிதர் பெயர்களைப் பாருங்கள். அந்தோனியாரின் பெயரில் அவர்கள் நடுவசையை அழுத்தினார்கள். நமக்குத் 'தோ' நெடிலாயிற்று. இஞ்ஞாசியாரில் 'ஞா', மதலேனாளில் 'லே' நீண்டன. சவேரியாரின் பெயரை அவர்கள் ச-வி-எர் எனக் கடையசையை அழுத்திச் சொன்னார்கள். நாம் பின்னிரண்டு அசைகளையும் இணைத்து 'வே' என நீட்டினோம். செபஸ்தியானின் 'யான்' என்ற முடிவும் பொத்தானின் 'தான்' என்ற முடிவும் ஒரே போர்த்துக்கீசிய ஈற்றிலிருந்து பிறந்தவை. தூத்துக்குடிக் கரையில் வழங்கும் பர்னாந்து, மிராந்தா, மச்சாது என்னும் குடும்பப் பெயர்களிலும் அழுத்தம் பெற்ற அசையே நெடிலாய் நிற்கிறது. ஈழத் தமிழர் கிறிஸ்து பிறப்பு விழாவை 'நத்தார்' என்பர். அதன் மூலச்சொல் ந-தல் என்பது, அழுத்தம் கடையசையில். 'தார்' என நீண்டதன் காரணம் இப்போது விளங்கும்.

நத்தாரில் இன்னொன்றும் நிகழ்ந்திருக்கிறது. மூலத்தில் ஒற்றைத் தகரம்; நமக்கு அது இரட்டித்தது. பொத்தான், மச்சாது, பப்பாளி, அன்னாசி, இஞ்ஞாசி என்பனவற்றிலும் இதுவே நிலை. குற்றெழுத்துக்குப் பின் அழுத்தம் பெற்ற அசை வருமாயின், அவ்வசையைத் தொடங்கும் மெய் தமிழில் இரட்டிக்கிறது. இதை இரண்டாம் நெறி எனலாம். வல்லினம் இரட்டித்ததற்கு வேறு காரணமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லினம் நம் வாயில் மெலிந்துவிடும். வலிய ஒலியைக் காக்க இரட்டிக்கத்தான் வேண்டும். ஆனால் னகரமும் ஞகரமும் இரட்டித்ததற்கு அக்காரணம் பொருந்தாது. அங்கே அழுத்தத்தைக் கேட்ட செவியே வேலை செய்திருக்கிறது. சன்னல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் ஜ-நெ-ல; அழுத்தம் நடுவில். நமக்கு அந்த அசை நீளவில்லை, முதல் நெறி தவறிவிட்டது. ஆனால் அழுத்தத்தின் வாசலில் நின்ற னகரம் இரட்டித்திருக்கிறது. வராந்தாவில் ஏன் இரட்டிக்கவில்லை என்றால், தமிழில் ரகரம் இரட்டிப்பதில்லை.

உயிரும் உயிரும் சந்தித்த இடங்களில் நம்முடைய உடம்படுமெய் இயல்பாக வந்து நின்றது. தொ-அ-ல்ய என்பது வகரம் பெற்றுத் துவாலையாயிற்று. கொய்-அ-ப என்ற பழப்பெயர் யகரம் பெற்றுக் கொய்யாவாயிற்று. புணர்ச்சி விதியைப் படித்துவிட்டு எவரும் இதைச் செய்யவில்லை. மீன் விற்றவர்களும் தச்சு வேலை செய்தவர்களும் சமையற்கட்டில் நின்றவர்களும் செய்தது இது. அவர்கள் எழுதப் படிக்க அறியாதவராய் இருந்திருக்கலாம்; அவர்களுடைய செவி இலக்கணம் அறிந்திருந்தது.

அடங்காத சொற்களும் உண்டு. சமையலறையைக் குறிக்கும் குசினியில் நடுவசை அழுத்தம் பெற்றும் நீளவில்லை, இரட்டிக்கவும் இல்லை. சூசை என்ற பெயரின் மூலத்தில் அழுத்தம் கடையசைக்குரியது. நமக்கு முதலசையும் நீண்டுவிட்டது. ஒன்று கவனிக்கத் தக்கது. அழுத்தம் பெறாத ஒகரம் போர்த்துக்கீசியர் வாயில் உகரத்தின் பக்கம் சாயும். துவாலையின் துகரமும் குசினியின் குகரமும் சூசையின் சூகாரமும் அந்தச் சாய்வைக் காட்டுகின்றன. பொத்தான் அதற்கும் அடங்கவில்லை. சவேரியார் என்பதில் நீண்ட அசை, சவரிமுத்து என்பதில் குறுகிவிட்டது. குரூஸ் என்னும் குடும்பப் பெயரில் உள்ள நெடில், குருசடி என்னும்போது குறிலாகிவிட்டது. வந்த சொல் தமிழ்ச்சொல் ஒன்றோடு சேர்ந்து கூட்டுச்சொல்லாகும்போது தன் பழைய அழுத்தத்தின் நினைவை விட்டுவிடுகிறது என்பது என் ஊகம்.

முதல் அச்சு நூல்கள் மீது ஒரு பழி

இவ்வொலிகள் முதன்முதலில் எழுத்தில் ஏறிய காலத்துக்குச் செல்வோம். 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறிய செப நூல் அச்சாயிற்று. அதில் தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில் அமைந்தன. வரிகளுக்கிடையே போர்த்துக்கீசியப் பொருள் தரப்பட்டது. அதை உருவாக்கியவர்களாக வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தொமே த குரூஸ் என மூன்று இந்தியக் கிறித்தவர்களின் பெயர்கள் தெரிகின்றன. பிறகு 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது, 16 பக்கங்கள். 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1580இல் ஒப்புரவுக்குரிய 'கொம்பெசியொனாயரு', 1586இல் புன்னைக்காயலில் புனிதர் வரலாறு என்று அடுத்தடுத்து நூல்கள் வந்தன. இவற்றின் உயிர்நாடி இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1520இல் பிறந்து, 1546இல் இந்தியா வந்து, 1600இல் முத்துக்குளித்துறைக் கரையிலேயே உயிர்நீத்தவர் அவர்.

இந்நூல்களைக் குறித்து எழுதியோரில் சிலர், தமிழின் முதல் அச்சு நூல்கள் என்ற பெருமையைக் கொடுத்துவிட்டு, மொழியைப் பொறுத்தமட்டில் அவை கொச்சை என்று முடித்துவிடுவர். 'கொம்பெசியொனாயரு' என்ற தலைப்பையே எடுத்துக்காட்டி நகைப்பவரும் உண்டு. இத்தீர்ப்பு இரண்டு வகையில் குறையுடையது என்பது என் கருத்து.

முதலாவது, அது எழுத்தைப் பார்க்கிறது, ஒலியைக் கேட்கவில்லை. அக்கால ஓலைச்சுவடி வழக்கில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டுவதில்லை. பின்னாளில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் வேறுபாடு அது. முதல் அச்சு நூல்கள் ஓலையின் வழக்கத்தையே பின்பற்றின. எனவே தாளில் குறிலாய்த் தெரிவது படிப்பவர் நாவில் நெடிலாய் இருந்திருக்கலாம். 'யொ' என்று அச்சான இடத்தில் அன்றைய உபதேசியார் 'யோ' என்றே படித்திருக்கக்கூடும். அழுத்தத்தை நெடிலாக்கிய செவியின் உழைப்பை அந்த அச்செழுத்து முழுமையாகக் காட்ட இயலாது. இன்றைய எழுத்து முறையை அளவுகோலாக வைத்து அதைச் சிதைவு என்பது நேர்மையான திறனாய்வு ஆகாது.

இரண்டாவது, தமிழ் இலக்கணம் இத்தகைய சொற்களுக்கு இடம் வைத்திருக்கிறது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகை கண்ட மரபு நம்முடையது. வடசொல் தமிழில் வரும்போது தமிழெழுத்தை ஏற்று வர வேண்டும் என்றும் அது விதி செய்தது. சொல்லை மறுக்கவில்லை, அது தமிழ் ஒலிக்கு அடங்கி வரவேண்டும் என்று மட்டுமே கேட்டது. பாதிரியும் அந்தோனியும் அவ்வாறு அடங்கி வந்தவை. இரட்டை மெய் மயங்கிய இடத்தில் 'தி' என உயிர் புகுத்தி, அழுத்தத்தை நெடிலாக்கி, பா-தி-ரி என நம் அசைகளாய்ப் பிரிந்து வந்த சொல்லைக் கொச்சை என்றால், சமயம், நகரம், தெய்வம் என்பவற்றை என்னவென்று சொல்வது?

குறையே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. நம் பாட்டன்மார் நாள்தோறும் நெற்றியில் சிலுவை வரைந்து சொன்ன 'இஸ்பிரீத்து சாந்து' என்ற தொடரைக் கருதுவோம். தூய ஆவியைக் குறிக்கும் இத்தொடர் வத்திக்கான் சங்கக் காலம்வரை நம் செபங்களில் வாழ்ந்தது. தொடக்கத்தில் உள்ள 'இஸ்' அது இலத்தீனிலிருந்து நேரே வரவில்லை, போர்த்துக்கீசியத்தின் வழியே வந்தது என்பதற்குச் சான்று. ஏனெனில் சகர மெய்யோடு தொடங்கும் இலத்தீன் சொல்லுக்கு முன்னால் உயிரைச் சேர்ப்பது போர்த்துக்கீசியர் வழக்கம். 'சாந்து' என்பதில் அழுத்தம் பெற்ற அசை சரியாகவே நீண்டிருக்கிறது. ஆனால் முதற்சொல்லில் அவர்கள் அழுத்தியது 'பி'யை. கடையிலிருந்து மூன்றாம் அசை அது. நாம் நீட்டியதோ 'ரீ'யை. மூன்றாம் அசையில் அழுத்தம் பெறும் சொற்கள் அம்மொழியிலேயே குறைவு. பெரும்பான்மைச் சொற்களின் ஈற்றயல் ஒழுங்குக்குப் பழகிய நம் செவி, இதையும் அதே ஒழுங்கில் இழுத்துவிட்டது போலும். மொழியறிவு நோக்கில் இது தவறு. ஆயின் விதி அறிந்தவரே விதியை மிகையாகப் பயன்படுத்துவர். இத்தவறு நம் செவிக்கு ஒரு விதி இருந்தது என்பதற்கே சான்றாகிறது.

இதனினும் கனமான குறை வேறிடத்தில் உள்ளது. மறையுண்மையை உணர்த்தும் தலையாய சொல்லை ஒலியாக மட்டும் தந்தால், செபிப்பவர் நாவில் அது தங்கும். நெஞ்சில் பொருளாய் இறங்குமா? ஹென்றிக்கஸ் அடிகளின் மொழிபெயர்ப்பில் இந்த இடர் உண்டு. அதே வேளையில், இறைவனைக் குறிக்கத் 'தம்பிரான்' என்ற நாட்டுச் சொல்லைத் துணிந்து எடுத்தவரும் அவரே.

ஒலியா, பொருளா?

அடுத்து வந்தவர்கள் வேறு வழி கண்டார்கள். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, பறங்கியர் வாடை வீசும் சொற்களை விலக்கி, வடசொற்களால் மறைக்கல்விக்கு ஒரு சொல்லாட்சியை அமைத்தார். அதில் பொருள் இருந்தது. ஏழை எளியவர் வாயில் அது எளிதில் புரளவில்லை. வீரமாமுனிவர் தேம்பாவணியில் பெயர்களையே பொருள்நோக்கி மாற்றினார். சூசை அங்கே வளன் ஆனார். பெருகுதல் என்னும் எபிரேயப் பொருளைத் தாங்கிய அழகிய பெயர் அது. விருத்தப்பாவில் மிக இயல்பாக அமர்கிறது. காப்பியத்துக்கு அதுவே தக்கது. ஆயினும் மரணப்படுக்கையில் இருக்கும் முதியவர், நல்மரணத்தின் பாதுகாவலரைச் 'சூசையப்பரே' என்றுதான் அழைத்தார். பொருளால் வந்த பெயர் நூலில் நிலைத்தது. ஒலியால் வந்த பெயர் வீட்டில் நிலைத்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு. கோட்பாட்டுச் சொல்லுக்குப் பொருள் முதன்மை. ஆள்பெயருக்கு அழைக்கும் ஒலியே முதன்மை. 'இஸ்பிரீத்து சாந்து' மறைந்து 'தூய ஆவி' வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. சூசை மறைவதில் மகிழ்ச்சி இல்லை.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோசேப்பு, தோமா, பேதுரு, யோவான் என்ற வடிவங்களை நமக்குத் தந்தது. மூலமொழிக்கு நெருங்கவும், பிற சபையினரோடு ஒரே நூலை வாசிக்கவும் அது வேண்டியதாயிற்று, குறை சொல்வதற்கில்லை. ஆயின் வாசக மேடையில் யோசேப்பும், பீடத்தில் சூசையப்பரும், பதிவேட்டில் ஜோசப்பும் ஆகிய மூவரும் ஒருவரே என்று இளையோருக்கு எடுத்துச் சொல்லும் கடமை நம்முடையது.

இரண்டாம் கப்பல்

இனி என் தீர்ப்புக்கு வருகிறேன். ஆண்டனி, சேவியர், செபாஸ்டியன், இக்னேஷியஸ் என்னும் வடிவங்களை நோக்குங்கள். ஆங்கிலேயர் அந்தோனியாரின் பெயரில் முதலசையை அழுத்துவர். நமக்கு 'ஆ' நெடில். சவேரியாரின் பெயரிலும் முதலசை, 'சே' நெடில். செபஸ்தியானின் பெயரில் இரண்டாம் அசை, 'பா' நெடில். தமிழ்ச் செவியின் விதி மாறவே இல்லை, அழுத்தியவர் மாறியிருக்கிறார். பெயரில் நெடில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அது எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லிவிடலாம். எனவே 'ஆண்டனி' என்ற குழந்தைப் பெயர் பிழையன்று. அதுவும் நம் இலக்கணத்தில் பிறந்ததே. நான் செய்த பிழை, இரண்டாம் கப்பலின் ஒலியைச் சரியென்றும், முதற்கப்பலின் ஒலியைச் சிதைவென்றும் கொண்டது. புனிதர் பிறந்ததோ லிஸ்பன் நகரில். அவருடைய ஊரார் அவரை அழைத்த ஒலிக்குப் பாட்டியாரின் 'அந்தோணி'யே நெருங்கியது.

நம் கடற்கரையிலேயே இதற்குப் பெரிய சான்று ஒன்று நிற்கிறது. மயிலையில் தோமையார் கல்லறையை ஒட்டிய குடியிருப்பைப் போர்த்துக்கீசியர் அத்திருத்தூதரின் பெயரால் அழைத்தனர். 1545இல் சவேரியார் சில மாதங்கள் தங்கி வேண்டிய இடம் அது. 1606இல் மறைமாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. அப்பெயரின் இறுதிச்சொல் தொ-மே. அழுத்தம் கடைசி 'மே'யில். ஆங்கிலேயர் எழுத்தைப் பார்த்துப் படித்தபோது அந்தக் கடைசி உயிர் ஊமையெழுத்தாகிவிட்டது. அவர்கள் வழியே நாமும் 'சாந்தோம்' என்கிறோம். சொல்லின் உயிராய் இருந்த அசையே போய்விட்டது. ஆனால் அதே தெருவில் மெழுகுவர்த்தியோடு வரும் மக்கள் 'தோமையாரே' என்கிறார்கள். ஏகாரம் ஐகாரமாகி அந்த அசை அங்கே வாழ்கிறது. சூசையில் வாழ்வதும் அதே ஐகாரம்தான். அரசாங்க வரைபடம் இழந்ததை மக்கள் செபம் காத்திருக்கிறது.

வந்தவர் செவியும் நம் சொற்களை இவ்வாறே தம் அளவுக்கு வெட்டியது. ஐரோப்பிய வரைபடங்களில் கோவளம் 'கோவ்லாங்' ஆயிற்று. சதுரங்கப்பட்டினம் 'சத்ராஸ்' ஆயிற்று. செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆயிற்று. அவற்றை எவரும் கொச்சை ஆங்கிலம் என்று பழிக்கவில்லை. ஆவணங்களில் பொன்னெழுத்தாய் ஏற்றினார்கள். ஒலியைத் தன் செவிக்கு ஏற்ப மாற்றுவது மனித இயல்பு. ஆட்சியில் இருப்பவர் மாற்றினால் அது பெயர். ஏழை மாற்றினால் அது பிழை என்பதே நாம் அறியாமல் ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

இந்தப் பெயர்கள் அடிமைத்தனத்தின் அடையாளமல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் உண்மை உண்டு. 1530களில் முத்துக்குளித்துறையில் நடந்த பெருந்திருமுழுக்குகளில் அரசியலும் வணிகமும் கலந்திருந்தன. ஒரு நாட்டு மன்னனின் ஆதரவோடு வந்த பெயர்கள் அவை. அதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயின் வந்த பெயரை வந்தபடியே நம் மக்கள் ஏற்கவில்லை. அசையை மாற்றினர்; மெய்யை இரட்டித்தனர்; முத்து, சாமி, அம்மாள் என்று தம் சொல்லைச் சேர்த்தனர். சவரிமுத்து என்று லிஸ்பனில் எவருக்கும் பெயரில்லை.

செவி திறக்கும் சடங்கு

நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் நெஞ்சை நடுக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. யோர்தான் துறையைப் பிடித்துக்கொண்ட கிலயாதியர், கடக்க வந்தவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். 'ஷிபோலெத்து' என்று சொன்னவன் தப்பினான். 'சிபோலெத்து' என்று சொன்னவன் எப்ராயிமியன் என்று கண்டு வெட்டப்பட்டான். அன்று மாண்டவர் 42,000 பேர் என்கிறது திருநூல். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் கலிலேயப் பேச்சொலிதான். உச்சரிப்பைக் கொண்டு மனிதரைப் பிரிக்கும் வாளை நாமும் சில வேளை சிரித்த முகத்தோடு ஏந்துகிறோம். அன்று அக்கிராமத்தில் நான் ஏந்தியது அதைத்தான்.

சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அவ்வூருக்குச் சென்றபோது பாட்டியாரைக் கண்டு என் தவற்றைச் சொன்னேன். போர்த்துக்கீசிய அசை, அழுத்தம் என்றெல்லாம் விளக்கவில்லை. "நீங்கள் சொன்னதுதான் பழைய பெயர், பாட்டி; புனிதருடைய ஊரிலும் ஏறத்தாழ அப்படித்தான் அழைப்பார்கள்" என்றேன். அவர் வியக்கவில்லை. "அது எனக்குத் தெரியாதா சாமி" என்று சொல்லிவிட்டுப் பேரனை என் கையில் கொடுத்தார். இப்போது அவர் அவனை அந்தோணி என்றும், தாய் ஆண்டனி என்றும் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் அவன் திரும்பிப் பார்க்கிறான்.

திருமுழுக்குச் சடங்கின் இறுதிப் பகுதியில் குழந்தையின் செவியையும் வாயையும் தொட்டு 'எப்பத்தா' என்ற பழைய சொல்லின் நினைவாய் மன்றாடுகிறோம். ஆண்டவர் பேசிய அரமேய ஒலியையும் நம் செவி விடவில்லை. மெய்யை இரட்டித்து, ஈற்றை நீட்டித் தனதாக்கிக்கொண்டது. அச்சடங்கில் முதலில் தொடுவது செவியை. வாய் அதற்குப் பின்னர்தான். இத்தனை ஆண்டுகளாக அந்த வரிசையில் விரலை வைத்து வந்திருக்கிறேன். அவ்வரிசை குருவுக்கும் உரியது என்று இப்போதுதான் எண்ணிப்பார்க்கிறேன். இனி பெயர் கேட்கும்போது, வீட்டார் சொல்லும் ஒலியை முதலில் கேட்பேன், கேட்டபடியே எழுதுவேன்.